டோராய் இரவல் வாங்கிய பிள்ளை

இலவசமாக எதையாவது தூக்கிக்கொண்டு வருகிறவனைப் பார்த்தால் டோராய் முதலில் கேட்பது, "இதுல உனக்கு என்ன கெடைக்குது?" என்பதுதான். பதில் சொன்னவர்கள் குறைவு. சொன்னதை அவள் நம்பியது அதைவிடக் குறைவு.

மணிலா துறைமுகத்தின் பின்பக்கம், சேற்றுத் தண்ணீரில் கம்பு நட்டு, அதன்மேல் பலகை அடித்துக் கட்டிய வீடுகள் எங்களுடையவை. டோராயின் வீடு நடைபலகையின் கடைசியில். பூண்டு உரிப்பது அவள் பிழைப்பு. லாரியில் வரும் மூட்டையைப் பிரித்து ஊறவைத்து, உரித்து, ஓட்டல்களுக்குப் போகும் பைகளில் நிரப்பித் தரவேண்டும். அவளுடைய கட்டைவிரல் நகம் பாதிதான் இருக்கும். புருஷன் மீன்பிடிக் கப்பலில் போனவன். வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. கடைசிப் பையன் ஓன்யோக்குக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் அங்கே பல வருஷம் குடியிருப்புச் சங்க வேலை பார்த்தவன். வீடுகளை இடிக்க வந்த ஆட்களுக்கு முன்னால் பாத்திரம் தட்டிக்கொண்டு நின்ற பெண்களில் டோராய் முதல் வரிசை. "கையில் அட்டையோடு வருகிறவனிடம் பெயர் சொல்லாதே" என்று நாங்கள் துண்டுப் பிரசுரம் போட்டோம். டோராய் அதில் பூண்டு மடித்தாள். அவளுக்கு அந்தப் பாடம் தேவைப்படவில்லை.

மஞ்சள் டி-சர்ட் போட்ட தொண்டு நிறுவனத்துக்காரர்கள் வந்தது மழைக்காலம் முடிந்த பிறகு. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்காம். வாரத்தில் இரண்டு காலை, தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில் தாயும் பிள்ளையும் வந்து உட்காரவேண்டும். இஞ்சி போட்ட கஞ்சி உண்டு. எடை பார்ப்பார்கள். பாட்டில் மூடியையும் துணியையும் வைத்து விளையாடச் சொல்வார்கள். பிள்ளையோடு எப்படிப் பேசவேண்டும் என்று அம்மாக்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். எல்லாம் நல்லதுதான். ஆனால் சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டுக் கதவில் மஞ்சள் பெயிண்டில் ஒரு சூரியன் வரைந்துவிட்டுப் போனார்கள்.

கதவில் அடையாளம் என்றால் எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான். அடுத்து புல்டோசர் வரும்.

டோராய் அன்றைக்கே பூண்டுக் கத்தியால் சூரியனைச் சுரண்டி எடுத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அண்ணே, யாரோட ஆளுங்க இவங்க?"

"பிள்ளைங்களுக்காக வந்திருக்காங்களாம்."

"கஞ்சி ஊத்துறவனுக்குக் கதவுல பெயிண்ட் எதுக்கு? கஞ்சி கதவுக்கா?"

எனக்கும் அதே சந்தேகம்தான். இப்படி எத்தனையோ கூட்டத்தைப் பார்த்திருக்கிறேன். வருவார்கள், பேனர் கட்டுவார்கள், மூக்கு ஒழுகும் பிள்ளையை மடியில் வைத்துப் படம் எடுப்பார்கள், பணம் தீர்ந்ததும் கொட்டகை காலி. நான் ஒன்றும் அவளைச் சமாதானப்படுத்தவில்லை.

ஆனால் டோராயின் பயம் வீட்டைப் பற்றியது மட்டுமல்ல. அவளுடைய அக்கா மகனுக்குக் காலில் ஊனம். வைத்தியம் பார்க்கிறோம் என்று ஒரு வெளிநாட்டுக் கூட்டம் அவனை அழைத்துப்போனது. அக்கா கைநாட்டு வைத்தாள். பையன் திரும்பவில்லை. சில வருஷம் கழித்து ஒரு படம் வந்தது: பனியில் நிற்கிறான், நேராக நிற்கிறான், பின்னால் வேறு யாரோ அப்பா அம்மா. அக்கா அந்தப் படத்தைச் சுவரில் மாட்டவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. குறை இருக்கிற பிள்ளையைத்தான் இவர்கள் தேடி வருகிறார்கள் என்று டோராய் அப்போது முடிவு கட்டினாள். ஓன்யோக் பேசாதது வெளியே தெரிந்தால் அவனையும் கொண்டுபோவார்கள்.

அதே சமயம், கொட்டகைக்குப் போகாமலும் இருக்க முடியாது. வராத வீட்டுக்கு அவர்களே தேடி வந்தார்கள். பிள்ளை எங்கே, ஏன் வரவில்லை, உடம்புக்கு என்ன என்று கேட்டார்கள்.

எங்கள் ஊரில் இதற்கு ஒரு வழி உண்டு. கணக்கெடுக்க வந்தாலும் சரி, கிறிஸ்துமஸ் பை கொடுக்க வந்தாலும் சரி, பிள்ளையை இரவல் கொடுப்போம். உப்பு கேட்பதுபோலத்தான். "லூமிங், உன் ரெண்டாவதைக் கொஞ்சம் அனுப்பு" என்றால் அனுப்பிவிடுவாள். பிள்ளைக்கும் தெரியும்: இந்த மத்தியானம் மட்டும் இவள் அம்மா.

டோராய் பக்கத்து வீட்டு லூமிங்கின் மகன் புச்சோயை வாங்கினாள். ஓன்யோக் வயசுதான். வாயாடி. லூமிங் துணி துவைத்துப் பிழைக்கிறவள். காலையில் கிளம்பினால் சாயங்காலம்தான் வருவாள், பையனை யாராவது பார்த்துக்கொண்டால் அவளுக்கும் நிம்மதி. புச்சோய் ஓன்யோக் என்ற பெயரில் கொட்டகைக்குப் போய் பாட்டுப் பாடினான், நிறம் சொன்னான், கஞ்சியை இரண்டு கிண்ணம் குடித்தான். நிஜ ஓன்யோக் வீட்டில் டோராயின் மூத்த மகளோடு மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து பூண்டுத் தோலை ஊதிக்கொண்டிருந்தான்.

"பாத்தீங்களா அண்ணே," என்றாள் டோராய். "எம் பிள்ளை அங்க முதல் மார்க்கு."

கொட்டகையைப் பார்த்துக்கொண்டவள் ஜிங்கி என்ற இளம்பெண். கழுத்தில் அடையாள அட்டை, காலில் அறுந்து தைத்த செருப்பு. வேறொரு கால்வாய்க்கரைக் குடியிருப்பில் பிறந்தவள் என்று சொல்லிக்கொண்டாள். எல்லாரும் அப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள் என்று நான் காதில் வாங்கவில்லை.

ஒரு நாள் ஜிங்கி புச்சோயின் கையைப் பிடித்து முகர்ந்தாள். பிறகு டோராயின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, உங்க வீட்டுல எல்லார் கையும் பூண்டு நாறும். இவன் கை சோப்பு வாசம் அடிக்குது."

"குளிப்பாட்டிக் கூட்டிட்டு வந்தேன். தப்பா?"

"குளிச்சாப் பூண்டு போகுமா? உங்களுக்கே போகல."

"நீ என்ன போலீஸ் நாயா, முகந்து பாக்க?"

ஜிங்கி சிரித்தாள். "நானும் இரவல் பிள்ளைதான் அக்கா. ஒரே கிறிஸ்துமஸ்ல பல வீட்டுக்கு மகளா இருந்திருக்கேன். உக்காருறதுக்கு முன்னாடி இவன் உங்க மூஞ்சியப் பாக்குறான் பாருங்க, இங்க உக்காரலாமான்னு. சொந்தப் பிள்ளை அப்படிப் பாக்காது. பொத்துனு உக்காரும்."

டோராய் எழுந்து புச்சோயை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் ஜிங்கி அவள் வீட்டு வாசலில் நின்றாள். தனியாக; கையில் ஒன்றும் இல்லை. டோராய் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டு வைத்திருந்தாள்.

"பலகையத் தாண்டாத. அங்கேயே நின்னு பேசு."

"பையனப் பாத்துட்டுப் போறேன் அக்கா. பேசுறானா?"

"எங்க மாமனார் அஞ்சு வயசுலதான் பேசினாரு. பேசி என்னத்தக் கிழிச்சாரு? குடிக்கக் காசு கேட்டாரு."

"காது கேக்குதா?"

"ஏன் கேக்காது? பாரு." டோராய் திரும்பி நின்று, "ஓன்யோக்!" என்றாள். மூட்டைக்குப் பின்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த பையன் சட்டென்று திரும்பினான். "இப்ப என்ன சொல்ற?"

ஜிங்கி பையனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். திரும்பினான், சந்தேகமே இல்லை. சரி, இவளுக்கு ஒரு கேஸ் வேண்டும், அதான் தேடுகிறாள் என்று நினைத்தேன்.

அன்றைக்கு டோராய் உரித்த பூண்டைக் கொண்டுபோகும் நாள். லாரி சரக்கு ஏற்றும் சிமெண்ட் தளம் நடைபலகை முடிந்ததும் வரும். மூத்த மகளுக்குக் காய்ச்சல். அதனால் ஓன்யோக்கையும் கூட்டிப்போகவேண்டியிருந்தது. நான் ஒரு பையைத் தூக்கிக்கொண்டேன். ஜிங்கி கேட்காமலே இன்னொன்றைத் தூக்கினாள். டோராய் அவளைத் தடுக்கவில்லை. பையைத் திருடுகிறாளா என்று பார்த்துக்கொண்டே நடந்தாள்.

தளத்தில் பையன் கையை உதறிவிட்டு ஓடினான். ஒரு பூனைக்குப் பின்னால். எதிர்ப்பக்கம் ஒரு லாரி பின்வாங்கிக்கொண்டிருந்தது. கிளீனர் பையன் அதன் பக்கவாட்டைத் தட்டித் தட்டிக் கத்துகிறான், ஓட்டுநர் ஹார்ன் அடிக்கிறான்.

"ஓன்யோக்!"

பூனை திரும்பியது. பையன் திரும்பவில்லை.

"டேய் ஓன்யோக்!" டோராய் கத்தினாள், கத்தும்போதே குதிகாலால் ஓங்கித் தரையை மிதித்தாள். சிமெண்ட் சும்மா கிடந்தது. மறுபடி மிதித்தாள். அப்போதுதான் நான் அந்தக் குதிகாலைப் பார்த்தேன். வீட்டில் கூப்பிட்டபோதும் அது இறங்கியது. அவள் எப்போது கூப்பிட்டாலும் இறங்கும். அவளுக்கே தெரியாது.

ஜிங்கி பையைப் போட்டுவிட்டு ஓடி பையனை வாரி எடுத்தாள். லாரி நின்றது. கிளீனர் எங்கள் எல்லாருடைய பரம்பரையையும் திட்டினான்.

டோராய் நன்றி சொல்லவில்லை. பையனைப் பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பூண்டுப் பைகளை அப்படியே தளத்தில் விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள். அவள் சரக்கை விட்டுவிட்டுப் போய் நான் பார்த்ததில்லை. நாங்கள் பின்னால் போனோம்.

வீட்டில் பையனைப் பலகையில் உட்காரவைத்து, கையில் ஒரு பூண்டைக் கொடுத்து, அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். கால்விரல்களைப் பலகையில் ஊன்றிக்கொண்டு, உடம்பு அசையாமல் கூப்பிட்டாள்.

"ஓன்யோக்."

பையன் தோலை உரித்துக்கொண்டிருந்தான்.

"ஓன்யோக். எஞ் சாமி. ஓன்யோக்."

திரும்பவில்லை. டோராய் வாயை மூடிக்கொண்டு, சத்தம் வராதபடி, குதிகாலை மட்டும் பலகையில் அழுத்தி இறக்கினாள். பலகை லேசாக அதிர்ந்தது.

பையன் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தான்.

டோராய் ஜிங்கியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இளக்கம் எதுவும் இல்லை.

"இதுல உனக்கு என்ன கெடைக்குது?"

"சம்பளம் அக்கா. கொஞ்சம்தான்."

"அது சரி." அவள் நம்பிய முதல் பதில் அதுதான் என்று நினைக்கிறேன். "ஆஸ்பத்திரி எங்க?"

"நான் கூட்டிட்டுப் போறேன்."

"நீ கூட்டிட்டுப் போக வேணாம். நான் கூட்டிட்டுப் போறேன், நீ கூட வா. கைநாட்டு வைக்கமாட்டேன். படிச்சுக் காட்டு, இந்த அண்ணனும் படிக்கட்டும், அப்புறம் பாக்கலாம். அவன் எங்க படுக்கிறானோ அங்க நான் படுப்பேன். எவனாவது படம் எடுத்தா போனத் தண்ணியில போடுவேன்."

ஆஸ்பத்திரியில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒவ்வொருவரையும் டோராய் நிறுத்தி விசாரித்தாள். ஒரு காதில் சுத்தமாக ஒன்றும் இல்லை. இன்னொன்றில் கொஞ்சம் இருக்கிறது, காதுக் கருவி வைத்தால் சத்தம் பிடிக்கும் என்றார்கள். கருவியை நிறுவனம் கொடுக்கும் என்றாள் ஜிங்கி. எதிர்பார்த்தபடியே தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா கேமராக்காரனோடு வந்து இறங்கினார். பணம் கொடுத்தவர்களுக்கு ஒரு படம் அனுப்பவேண்டுமாம். டோராய் நடைபலகையின் நடுவில் பூண்டுக் கத்தியோடு உட்கார்ந்து உரித்துக்கொண்டே இருந்தாள், நகரவில்லை. ஜிங்கி அந்த அம்மாவைத் தனியே அழைத்துப்போய் வெகுநேரம் பேசினாள். படம் இல்லாமலே கருவி வந்தது. ஏன் விட்டுக்கொடுத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

டோராயும் இப்போது கொட்டகைக்குப் போகிறாள். கஞ்சியில் இஞ்சி குறைந்தால் கேட்கிறாள், புதிதாக வந்த மஞ்சள் டி-சர்ட்காரரிடம் எந்த ஊர் என்று கேட்கிறாள். கதவில் சூரியன் இல்லை. மறுபடி வரைய வந்த பையனை விரட்டிவிட்டாள்.

கருவி மாட்டிய அன்று அவள் ஓன்யோக்கைச் சிமெண்ட் தளத்துக்கு அழைத்துப்போனாள். அவனைக் கடலைப் பார்த்து நிற்கவைத்துவிட்டு, பின்னால் தள்ளிப்போய், செருப்பைக் கழற்றி, இரண்டு காலையும் சேர்த்து நின்றுகொண்டு கூப்பிட்டாள்.

பையன் திரும்பினான்.

ஜிங்கி கை தட்டப் போனாள். டோராய் கையைக் காட்டி அவளை நிறுத்தினாள். கொஞ்சம் தள்ளி மீன் உருண்டை விற்கிறவன் மணியை ஆட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தான்.

"இரு. அந்த மணிக்குத் திரும்பினானோ என்னவோ."

விற்கிறவன் மூலை திரும்பி மறையும்வரை காத்திருந்தாள். பையனை மறுபடி கடல் பக்கம் திருப்பி நிறுத்தினாள். இன்னும் பின்னால் போனாள்.

"ஓன்யோக்."