தலைச்சன் பிள்ளை பிறந்த ஊர்

என் அப்பாவுக்குப் பிறந்தநாள் கிடையாது. பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது ஹெட்மாஸ்டர் குத்துமதிப்பாக எழுதிய ஜூன் மாதத் தேதியை வைத்தே சுரங்கத்தில் பர்மனென்ட் ஆகி, ஷிப்ட் ஷிப்டாக உழைத்து, ரிட்டயரும் ஆகிவிட்டார். எண்பதை நெருங்கும்போதுதான் திடீரென்று ஆசை வந்தது.

"நெசமா நான் என்னிக்குடா பொறந்தேன்? கண்டுபிடிச்சுக் குடு."

"உங்க ஊரே சுரங்கத்துக்குள்ள போயிடுச்சேப்பா. பதிவேடு மட்டும் தப்பிச்சிருக்குமா?" என்றேன். நெய்வேலியில் இது வசதியான பதில். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் தொலைந்தபோதுகூட நான் சுரங்கத்தைத்தான் கைகாட்டினேன்.

"போய்ப் பாத்துட்டு வந்து பேசு."

தாலுகா ஆபீசில் பழைய ஏடுகளைப் பார்த்துக்கொள்கிற அம்மாவிடம் ஊர்ப் பெயரைச் சொன்னேன். நாலைந்து வருடத்து ஏடுகளைப் புரட்டினார். எங்கள் வீட்டில் அப்போது ஒரு குழந்தையும் பிறக்கவில்லை.

"ஊரே இப்ப இல்லைங்க மேடம்…" என்று என் பல்லவியை ஆரம்பித்தேன்.

"ஊருதாங்க இல்ல. ஏடு இதோ இருக்குதே." கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "உங்கப்பா தலைச்சன் புள்ளைங்களா?"

"ஆமாங்க."

"உங்க மூத்த புள்ள எங்கங்க பொறந்துச்சு?"

"என் மாமியார் வீட்ல…" சொல்லி முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டேன். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு அனுப்புகிற சீமையில், ஐம்பத்திரண்டு வயது ஆள் நான், அப்பாவை அவருடைய அப்பா ஊரில் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்பாவைப் பெற்ற ஆயாவின் ஊர் காடாம்புலியூர்ப் பக்கம். அந்த ஏட்டில் கால் மணி நேரத்தில் அகப்பட்டார். பெயர் இல்லை, 'ஆண்' என்று மட்டும் இருந்தது. தகப்பன் பெயர் சரி. தகப்பனின் ஊர் சரி. தகவல் சொன்னவர், தாய்மாமன். தாயின் பெயர் மட்டும் வேறு.

ஆயாவின் பெயர் எனக்குத் தெரியாதா? ஹாலில் மாலை போட்ட படத்துக்குக் கீழேயே எழுதியிருக்கிறது. இது வேறு யாரோ.

நகலை ஸ்கூட்டர் டிக்கியில் வைத்துப் பூட்டினேன். டவுன்ஷிப் ஆர்ச் கேட்டைத் தாண்டுவதற்குள் மனசுக்குள் அந்தப் பெயர்க்காரியை முதல் மனைவியாக்கி, சாகடித்து, அழுது முடித்து, தாத்தாவுக்கு இரண்டாம் கல்யாணமும் செய்து வைத்துவிட்டேன். குவார்ட்டர்ஸுக்கு வந்து படத்திலிருந்த மூக்கையும் அப்பாவின் மூக்கையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"என்னடா?"

"ஒண்ணுமில்லப்பா. ஆபீஸ்ல ஆள் லீவு."

தினமும் காலையில் அந்தப் படத்தின் முன் நின்று திருநீறு பூசிக்கொள்கிற மனிதரிடம், இது உங்கள் அம்மா இல்லை என்று எந்த வாயால் சொல்வேன்? இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. சரி, மூன்று தோசை இறங்கியது. நாலாவதுதான் நின்றுவிட்டது.

மூன்றாம் நாள் முத்தாண்டிக்குப்பத்துக்கு, அப்பாவின் தங்கையிடம் ஓடினேன். அத்தை பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தாள்.

"கையெல்லாம் பிசினு ஒட்டிக்கினு இருக்குது. நீயே படிடா."

அக்கம்பக்கம் கேட்காமல் கிசுகிசுத்தேன். அத்தை அந்தப் பெயரைத் தெருவுக்கே கேட்கும்படி திருப்பிச் சொல்லிச் சிரித்தாள்.

"அடப்பாவி, உங்க ஆயாதாண்டா அது! பொறந்த வூட்டுப் பேரு."

"அப்ப படத்துல இருக்கறது?"

"வாக்கப்பட்ட வூட்ல வச்ச பேரு. அவ மாமியாளுக்கும் இந்தப் பொறந்த வூட்டுப் பேருதாண்டா. மாமியா பேரும் மருமவ பேரும் ஒண்ணா இருந்தா, மாமியாக்காரி யாரத் திட்டுவா? தன்னையே திட்டிக்கினு இருப்பாளா? எங்கப்பாருதான் பெத்த தாய் பேரச் சொல்லிப் பொண்டாட்டியக் கூப்புடுவாரா? வந்த அன்னிக்கே மாத்திட்டாங்க. மாமனுக்கு என்ன? தங்கச்சிக்கு அவுங்க வூட்ல வச்ச பேரத்தான எழுதும்?"

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"ஆம்பளப் புள்ளைங்ககிட்ட இதெல்லாம் யாரு சொல்லிக்கினு இருக்கறது? எனக்கே அம்மா ஒரு தடவதான் சொல்லிச்சு." என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "டேய், எங்கப்பார சந்தேகப்பட்டியா நீ?"

"சீச்சீ!"

"பட்டிருக்க. மூஞ்சியே சொல்லுது." பிசின் கையோடு ஒரு சுளையை என் வாயில் திணித்தாள்.

ஸ்கூட்டரில் பாடிக்கொண்டே வந்தேன். எதிரே வந்த லாரிக்காரர் பயந்து ஒதுங்கினார்.

அப்பா நகலில் விரல் வைத்துப் படித்தார். அம்மா பெயரில் விரல் நின்றது. "யாருடா இது?"

சொன்னேன். அப்பா அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தார். இன்னொரு தரம், தோட்டத்தில் இருப்பவரைக் கூப்பிடுகிற மாதிரி.

அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "யாரைக் கூப்புடறீங்க மாமா?"

"எங்கம்மாவ!" பல்செட் தெரியச் சிரித்தார். ஸ்டூலைப் போட்டுப் படத்தை இறக்கச் சொன்னார். பேத்தியின் மார்க்கரால் பழைய பெயருக்கு மேலே இந்தப் பெயரைக் கோணல்மாணலாக எழுதினார். நகலைப் படத்தின் பின்னால் செருகி, மறுபடி மாட்டச் சொன்னார்.

மறுநாள் காலை, நான் நாலாவது தோசையில் இருந்தபோது கேட்டார்: "ஏண்டா, கடைசியா நான் என்னிக்குத்தாண்டா பொறந்தேன்?"

இரண்டு நாள் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு நடுங்கினேனே தவிர, தேதியைப் பார்க்கவேயில்லை. தோசையை அப்படியே விட்டுவிட்டு, மறுபடி ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.