போன் பார்த்த தேமல்

நான். மனைவி லெட்சுமி. மகள் கவிதா. பக்கத்து வீட்டு ராணி. அப்புறம், கவிதாவின் போன்.

போன மாதம் ஒரு ஞாயிறு எங்கள் அடுப்படியில் இருந்தது இவ்வளவு பேர். போனை ஏன் சேர்த்தேன் என்கிறீர்களா? அன்றைக்கு அதிகம் பேசியது அதுதான்.

லெட்சுமியின் இடது முன்கையில் ஒரு வெளுப்பு. தேத்தண்ணிக் கோப்பையின் வாய் அளவு. கவிதா படம் பிடித்தாள்.

"இது ஏஐ அப்பா. ஏகப்பட்ட தோல் படத்தப் பார்த்துப் படிச்சது. தமிழ்லயே கேக்கும்."

கேட்டது. அரிக்கிறதா? இல்லை. எரிகிறதா? இல்லை. வலிக்கிறதா? இல்லவே இல்லை.

திரை பச்சையானது. தேமலாக இருக்கலாம், ஆபத்து குறைவு...

"ஆஸ்பத்திரிக்குப் போனா அன்னிக்கு வேலையில்ல, பேரு விழாது, சம்பளமும் இல்ல. இது இருந்த எடத்துலயே பார்க்குது," என்றாள் ராணி. "என் மூஞ்சியையும் காட்டு கவிதா. வெள்ளையாக்குமான்னு கேப்போம்."

"அதுக்குப் போன் பத்தாதுடி. ஃபெக்டரியே வேணும்," என்றாள் லெட்சுமி.

சிரித்தோம். மறந்தோம்.

போன செவ்வாய் தேயிலை மலையில் குளவிக்கூடு கலைந்தது. கொழுந்து பறித்த பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். லெட்சுமிக்குக் கழுத்தில் கொட்டு. லொறியில் நானும் கவிதாவும் கூடப் போனோம்; ஆஸ்பத்திரி போகும்வரை அழுதாள்.

மருந்து போட்ட நர்ஸ் கேட்டார். "கையிலயும் கொட்டியிருக்கே, சொல்லலியே?"

"கையிலயா? எங்க?"

வெளுப்பின் நடுவில் வீங்கியிருந்தது. அவளுக்குத் தெரியவில்லை. யாருடைய கையோ என்பது போலப் பார்த்தாள்.

டாக்டர் வந்தார். கவிதா போனைக் காட்டினாள். அவர் திட்டவில்லை.

"படம் நல்லாத்தான் இருக்கு. வலியில்லங்கிறதுதான் எனக்குப் பிடிக்கல."

சுகமில்லை என்றால் வலிக்க வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். போனும் அப்படியே நினைத்தது. அது யாரிடம் படித்தது? நம்மைப் போன்றவர்களிடம்தானே.

"தொழுநோயா இருக்கலாம். பயப்படாதீங்க, மாத்திரையில குணமாகும்," என்றார் டாக்டர்.

"கொழுந்து பறிக்க முடியுங்களா? வெரலு மடங்கிப் போயிருமா?" லெட்சுமி கேட்டது அது மட்டும்தான்.

"நரம்பு எவ்வளவு கெட்டிருக்குன்னு பார்த்துத்தான் சொல்லணும்."

இதை எழுதினால் லயத்து வீடுகளில் பேசுவார்களே என்று நேற்று அவளிடம் சொன்னேன். "பேசட்டுங்க. பேசிட்டு அவங்கவங்க கையப் பார்க்கட்டும்," என்றாள். அதனால் எழுதுகிறேன்.

அன்று ஆஸ்பத்திரியில் டாக்டர் பஞ்சைத் திரியாக உருட்டினார்.

"கண்ண மூடிக்குங்க. பஞ்சு படுறப்பல்லாம் எண்ணுங்க."

நான் உட்கார்ந்தேன். எழுந்தேன். ஜன்னல் பக்கம் போனேன். திரும்பி வந்து நானும் மனதுக்குள் எண்ணினேன்.

"ஒண்ணு," என்றாள். "ரெண்டு..."

அப்புறம் சத்தமில்லை. பஞ்சு கையில் பட்டுக்கொண்டே இருந்தது. நான் வாயைத் திறந்தேன். டாக்டர் தலையை ஆட்டித் தடுத்தார். லெட்சுமி கண்ணை மூடியபடி, இன்னும் தொடவில்லை என்று காத்துக்கொண்டிருந்தாள். வெளுப்பைத் தாண்டிப் பஞ்சு பட்டதும்தான், "மூணு... நாலு," என்றாள்.

பஞ்சு பட்டது பத்து. அவள் எண்ணியது நாலு.