கரண்ட் போன பிறகும் இருந்த புள்ளி

நீங்கள் நம்பப் போவதில்லை என்று தெரிந்துதான் சொல்கிறேன். பேய், முனி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இலங்கை மலைநாட்டில், அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலை பெக்டரியில் எலெக்ட்ரீஷியன் வேலை. எந்த மோட்டார் நின்றாலும் எந்நேரமும் கூப்பிடுவார்கள். தூக்கத்துக்கே வழியில்லாதவனுக்குப் பேயைப் பற்றி யோசிக்க எங்கே நேரம்.

எங்கள் பெக்டரியில் புது எல்ஈடி விளக்குகள் போட்டார்கள். பார்க்கச் சாதாரண வெள்ளை விளக்குதான். ஆனால் ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் தனக்கென்று ஒரு விதமாகத் துடிக்கும். எல்லார் கழுத்திலும் ஒரு பேட்ஜ். தலைக்கு மேலுள்ள விளக்கின் துடிப்பை அது படித்து ஆபீசுக்கு அனுப்பும். யார் எந்த விளக்கின் கீழ் நிற்கிறார் என்று கம்ப்யூட்டரில் புள்ளி புள்ளியாகத் தெரியும். யாராவது மயங்கி விழுந்தால் தேட வசதி என்றார்கள். சும்மா உட்காருகிறவர்களைப் பிடிக்கத்தான் என்று சனங்கள் பேசிக்கொண்டார்கள்.

மேல்மாடியில் கொழுந்து பரப்புகிற காவேரி அக்காவுக்கு அந்தப் பேட்ஜைக் கண்டாலே ஆகாது. "மாட்டுக்கு மணி கட்டுன மாதிரி கட்டிவிட்டுட்டீங்களே தம்பி" என்பார். ஒரு நாள் வேலை முடிந்து தொழிலாளர் லயத்து வீட்டுக்குப் போனவர், நெஞ்சு வலிக்கிறது என்று படுத்து அப்படியே போய்விட்டார். அவர் புருஷன் மாணிக்கம் அண்ணன் பேட்ஜைக்கூடக் கழற்ற விடவில்லை. "அவ கழுத்துல கெடந்தது எதையும் எடுக்க வேணாம்" என்றார்.

சாவு வீட்டுக்கு பெக்டரி விளக்கு கொண்டுபோய்க் கட்டுவது எங்கள் தோட்டத்து வழக்கம். பெக்டரிக்கு நேர் கீழேதான் அவர்கள் லயம். அக்கா வேலை செய்த இடத்துக்கு மேலிருந்த விளக்கையே கழற்றி, அவர்கள் வீட்டு முன்வாசல் இஸ்தோப்பில், உடம்பைக் கிடத்தியிருந்த பெஞ்சுக்கு மேலே மாட்டினேன்.

மறுநாள் ஆபீஸ் கிளாக்கர் சிவா வெளிறிப்போய் வந்தான். கம்ப்யூட்டரில் காவேரி அக்கா மேல்மாடியில் தன் இடத்தில் நிற்கிறாராம். நான் சிரித்தேன். விளக்குக்கு என்ன தெரியும், நாம் கொடுத்த இடத்தைத்தானே சொல்லும். அதைக் கழற்றிச் சாவு வீட்டில் மாட்டினால் அதற்கு அதுவும் மேல்மாடிதான். கீழே அவர் பேட்ஜோடு படுத்திருக்கிறார், அவ்வளவுதான் என்றேன்.

அன்றே அடக்கம் செய்தோம், பேட்ஜோடுதான். உடம்பு கிடந்த இடத்தில் கருமாதிவரை வெளிச்சம் இருக்க வேண்டும் என்று மாணிக்கம் அண்ணன் விளக்கை விடவில்லை. பேட்ஜ் மண்ணுக்குள் போன பிறகும் அதே விளக்கின் கீழ் புள்ளி போகவில்லை. கம்ப்யூட்டரில் பழசு தங்கியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விளக்கு இன்னும் திரும்பவில்லை என்று பெக்டரியை நடத்துகிற தொரைக்குக் கோபம். விளக்கை இன்றைக்கே கொண்டுவராவிட்டால் வேறு வேலை தேடிக்கொள் என்றார். எனக்குப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், என்ன செய்வது.

அன்று பொழுது சாயும் நேரம் மழையில் தோட்டம் முழுக்கக் கரண்ட் போனது. ஆபீஸ் கம்ப்யூட்டர் மட்டும் பேட்டரியில் ஓடியது. விளக்குகள் அணைந்ததால் எல்லார் புள்ளிகளும் மறைந்துவிட்டன, மறையத்தான் வேண்டும். காவேரி அக்காவின் புள்ளி மட்டும் இருந்தது. நம்பினால் நம்புங்கள், அது லேசாக அசைந்தது.

"அண்ணே, வெளிச்சமே இல்லாம இது எதப் பாத்துச் சொல்லுது?" என்றான் சிவா.

டார்ச்சை எடுத்துக்கொண்டு லயத்துக்கு இறங்கினேன். மாணிக்கம் அண்ணன் அணைந்த விளக்குக்குக் கீழே, அந்த பெஞ்சின் ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். புள்ளி விஷயம் அவருக்குத் தெரியாது, நாங்கள் யாரும் சொல்லவில்லை. விளக்கை எடுக்க வந்தேன் என்றேன்.

"கருமாதி வரைக்கும் இருக்கட்டும் தம்பி" என்றார்.

கால் கடுத்தது. பெஞ்சின் மறு ஓரத்தில் உட்காரப் போனேன்.

"அந்தப் பக்கம் வேணாம் தம்பி," மெதுவாகத்தான் சொன்னார். "இங்கிட்டு வந்து உக்காருங்க."

நான் விளக்கைத் தொடவில்லை. எரிந்துபோய்விட்டது என்று தொரையிடம் பொய் சொன்னேன். நன்றாக ஏசினார், வேலையை விட்டு அனுப்பவில்லை. காவேரி அக்காவின் பெயரைச் சிவா கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிட்டான்.

மாணிக்கம் அண்ணனை இப்போதும் போய்ப் பார்ப்பேன், அவர் சொல்லாமலே பெஞ்சில் அவர் பக்கம்தான் உட்காருவேன். இதையெல்லாம் வீட்டில் சொன்னதில்லை. போன வாரம் முதல் தடவையாக என் மனைவியும் கூட வந்தாள். பெஞ்சின் மறு ஓரம் காலியாகத்தான் இருந்தது. அவள் அந்தப் பக்கம் போனவள், கொஞ்சம் தயங்கிவிட்டு, திரும்பி வந்து என்னை நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.