உப்புத்தோல் கொடோனில் நிறுத்திய கார்

2024 பிப்ரவரி 8, வியாழக்கிழமை. காலை ஆறு மணி நாற்பது நிமிடம். ஆம்பூரில் பனி இறங்கியிருந்தது. மலை இருக்கும் திசையே தெரியவில்லை. தோல் தொழிற்சாலையின் பழைய உப்புத்தோல் கொடோனின், அதாவது கிடங்கின், ஷட்டரை நான்கு பேர் சேர்ந்து தூக்கினோம். பதினொரு முறை தம் பிடித்த பிறகு இடுப்பளவு ஏறியது. முதலில் குனிந்து உள்ளே போனவன் நான்.

செங்கல் அடுக்கின் மேல், சாக்குப் படுதாவுக்குள் அந்தக் கார் நின்றது. 1962 மாடல் அம்பாசிடர். 1996 அக்டோபரில் அதை அங்கே நிறுத்தச் சொன்னது நான்தான். இருபத்தேழு வருடம் நான்கு மாதம்.

நான் அந்தத் தோல் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் மெயின்டெனன்ஸ் பார்த்தவன். கடைசிப் பதினாறு வருடம் ஃபோர்மேன். பாய்லர், டிரம் மோட்டார், லாரி, முதலாளி வீட்டுக் கார்கள் எல்லாம் என் பொறுப்பு. 2011இல் ஓய்வு பெற்றேன். பழைய வண்டிகளை எடுத்து ஓட்டும் ஆசை இப்போது இளைஞர்களிடம் பெருகியிருக்கிறது. என்னிடம் யோசனை கேட்டும் சிலர் வருகிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

பெரியவர் கேட்டது

பெரிய முதலாளிக்கு அப்போது எண்பத்தாறு வயது. ரம்ஜான் பிறைக்கு முன்பாக அவரைச் சென்னைக்கு, மகள் வீட்டோடு இருக்க அனுப்பிவிடுவதென்று முடிவாகியிருந்தது. அதற்கு முப்பத்து மூன்று நாள் இருந்தது. ஆலங்காயம் பக்கத்தில் அவருக்கு ஒரு மாந்தோப்பு. நூற்று நாற்பது மரமும் அவர் கையால் வைத்தது. இந்தக் காரில்தான் கன்றுகளை ஏற்றிக்கொண்டு போனார்.

ஷட்டரைத் தூக்குவதற்கு முந்தின நாள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போனேன்.

“தனபால், இந்நேரம் மரமெல்லாம் பூ வெச்சிருக்கும். கெளம்பறதுக்குள்ள தோப்ப ஒரு தடவ பாத்துரணும்யா. அந்தக் கார் ஓடினா அதுலயே போலாம். ஓடுமா?”

“ஓடும் முதலாளி. நான் பொறுப்பு.”

“பாக்காமலே சொல்றியே.”

“நான் வெச்ச வண்டிதானுங்களே.”

அவர் சொன்னதில் இரண்டு விஷயம் இருந்தது. தோப்பைப் பார்க்க வேண்டும் என்பது ஒன்று. கார் ஓடினால் அதில் போகலாம் என்பது இன்னொன்று. என் காதில் இரண்டாவது மட்டுமே விழுந்தது.

அந்த இடத்தை நான் ஏன் சொன்னேன்

1996இல் பச்சைத் தோல் வாங்குவதை நிறுத்திவிட்டு, பாதி பதனிட்ட தோலை வாங்க ஆரம்பித்தோம். ஆட்டுத்தோலை உப்புப் போட்டு அடுக்கும் கொடோன் காலியானது. அதே வருடம் முதலாளி புதுக் கார் வாங்கினார். பழையதை விற்க அவருக்கு மனம் இல்லை. கார் ஷெட்டில் எலித் தொல்லை. ஒரே வருடத்தில் மூன்று வண்டிகளின் ஒயரைக் கடித்திருந்தது. உப்புத்தோல் கொடோனில் எலி, கரையான், பூச்சி எதுவும் கிடையாது. அதை நானே பல வருடம் பார்த்திருக்கிறேன்.

“அங்க வெச்சிரலாங்க,” என்றேன்.

தோலைத் தரம் பிரிக்கும் பகுதியின் சூப்பர்வைசர் சலீம் பாய் பக்கத்தில் இருந்தார். “உப்புல போட்டா ஆட்டுத்தோலே ஆறு மாசம் கெடாது. காரா கெட்டுப்போவும்?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எங்கள் ஊரில் உப்பு என்றால் காப்பது. தலைமுறை தலைமுறையாக அப்படியே பார்த்துப் பழகிவிட்டோம். ஆனால் நான் டிப்ளமோ படித்தவன். உப்பு, ஈரம், இரும்பு மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று இரண்டாம் வருடப் பரீட்சையில் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். அந்தத் தரை நாற்பது வருட உப்பைக் குடித்த தரை. ஒவ்வொரு மழைக்கும் வியர்க்கும். அது அன்று எனக்குத் தோன்றவில்லை. வேறு யாருக்கும் தோன்ற வேண்டிய அவசியமும் இல்லை. படித்தவன் நான் ஒருவன்தான்.

ஒன்பது நாள் ஊறல்

எஞ்சின் வேலையில் நான் தவறு செய்யவில்லை. இளைஞர்கள் கவனிக்க வேண்டிய பகுதி இது. பல வருடம் நின்ற எஞ்சினில் புது பேட்டரி மாட்டி உடனே ஸ்டார்ட்டரை அழுத்தக் கூடாது. பிஸ்டன் ரிங் உடையும், சிலிண்டரில் கோடு விழும். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் எஞ்சின் ஆயிலும் டீசலும் பாதிப் பாதி கலந்து அறுபது மில்லி ஊற்றினேன். தினமும் காலையில் எஞ்சினைக் கையால் சுற்றும் ஹேண்டிலைப் போட்டு, பலம் கொடுக்காமல், அசைகிறதா என்று மட்டும் பார்ப்பேன். எட்டு நாள் அசையவில்லை. ஒன்பதாம் நாள், 17ஆம் தேதி சனிக்கிழமை, கால் சுற்று வந்தது.

பெட்ரோல் டேங்கில் அரக்கு மாதிரி ஒன்று படிந்திருந்தது. நான்கு முறை கழுவினோம். கார்புரேட்டர், பாயின்ட், பிரேக் சிலிண்டர்களின் ரப்பர், ஹோஸ் பைப் ஆறு, டயர் ஐந்து எல்லாம் பார்த்தோம். செலவும் பேப்பர் வேலைகளும் முதலாளியின் மகன் இர்ஃபான் பொறுப்பு. 27ஆம் தேதி மாலை நான்கு பத்துக்கு எஞ்சின் பிடித்தது. பெரியவரை நாற்காலியோடு தூக்கி வந்து பக்கத்தில் வைத்திருந்தோம்.

“கொஞ்சம் ரேஸ் பண்ணு,” என்றார். செய்தேன். “அதே சத்தம்தான்,” என்று சொல்லிவிட்டு, வெகு நேரம் கையை பானெட்டின் மேலேயே வைத்திருந்தார்.

கீழே படுத்தவன் சேகர்

இதற்குப் பத்து நாள் முன்பே, எஞ்சின் அசைந்த அந்தச் சனிக்கிழமை மத்தியானமே, வெல்டர் சேகர் காருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டான்.

“சார், கொஞ்சம் வாங்க. நீங்களே பாருங்க.”

“என்னப்பா?”

“இன்னாத்த சொல்றது. அப்பளம் சார். சுத்தியல் வெச்சாலே உள்ள போவுது.”

படுத்துப் பார்த்தேன். இந்த வண்டிக்குத் தனிச் சேஸி கிடையாது. அடித்தளமும் பாடியும் ஒன்றுதான். பின் ஸ்பிரிங் தொங்கும் பெட்டிப் பகுதியில் மட்டும் பதினான்கு ஓட்டை எண்ணினேன். அதற்கு மேல் எண்ணவில்லை.

“ஃபுல்லா அறுத்துட்டுப் புதுசா கட்டணும் சார். மூணு மாசம் ஆவும். இவுங்களாண்ட சொல்லிருங்க.”

“மேல தட்டு வெச்சு வெல்டு பண்ணு.”

“எது மேல வெக்கிறது? புடிக்க எடமே இல்ல சார். ஓட்டத் துணிக்கு ஒட்டுப் போட்ட கதையாவும்.”

“நான் சொல்றேன், செய்.”

“நீங்க சொன்னா செய்றேன். ஆனா நான் சொன்னத ஞாபகம் வெச்சுக்குங்க.”

தட்டு வைத்தான். அதன்மேல் தார் பெயின்ட் அடிக்கச் சொன்னேன். பார்க்கப் புதிதாக இருந்தது. வண்டி அரிக்கப்பட்டிருக்கிறது என்று சொன்னால், ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்டால், அங்கே நிறுத்தச் சொன்னது யார் என்று வரும். முப்பத்து நான்கு வருடத்தில் பெரியவர் என்னை ஒரு முறைகூடக் கடிந்து பேசியதில்லை. அந்தக் கணக்கைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. உள்ளபடி காரணம் இதுதான்.

இருபத்தாறு கிலோமீட்டர்

மார்ச் 10, ஞாயிறு. காலை ஏழேகாலுக்குக் கிளம்பினோம். ஓட்டியது நான். முன்னால் பெரியவர், பின்னால் சேகர். வாணியம்பாடி வரை முப்பதுக்கு மேல் போகவில்லை. பெரியவர் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, தோப்பில் எந்த வரிசையில் எந்த ரகம் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

“பூவெல்லாம் போய்ட்டு இப்ப பிஞ்சு வுட்டிருக்கும். சீக்கிரம் போய்யா. ஒன் ஆமை ஓட்டம் இருக்கே, அது இன்னும் மாறல.”

ஆலங்காயம் சாலையில் ஒரு பள்ளிக்கூடத்து வேகத்தடை. பத்து கிலோமீட்டர் வேகம்தான் இருக்கும். முன் சக்கரம் ஏறி இறங்கியது. பின் சக்கரம் ஏறியபோது, தகரம் கிழியும் சத்தம் கேட்டு, வண்டியின் இடது பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது. பெரியவரின் தோள் கதவில் மோதியது.

சேகர் இறங்கி டிக்கியைத் திறந்து பார்த்தான். “சார், ஸ்பிரிங்கு டிக்கிக்குள்ள வந்திருச்சு,” என்றான். ‘அன்னிக்கே சொன்னேனே’ என்று அவன் சொல்லியிருக்கலாம்.

இருபத்தாறு கிலோமீட்டர் வந்திருந்தோம். தோப்புக்கு இன்னும் ஒன்பது. பெரியவரைப் புளியமர நிழலில் உட்கார வைத்து, இர்ஃபானுக்கு போன் செய்தோம். அப்போதுதான் பெரியவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொடோன், உப்பு, பதினான்கு ஓட்டை, தட்டு, தார்.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். “இது எப்பத் தெரியும் ஒனக்கு?”

“போன மாசம் பதினேழாம் தேதிங்க.”

“இன்னிக்கு எத்தினி நாள்?”

“இருபத்திரண்டுங்க.”

“இருபத்திரண்டு நாளா வாய்ல கொழுக்கட்டையா வெச்சிருந்த?” கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகத்தான் கேட்டார். “உப்புல வெச்சது தப்புன்னா தப்புதான், போ. அப்ப நானுந்தானே சரின்னேன். ஆனா அன்னிக்கே சொல்லியிருந்தா ஒரு டாக்ஸி வெச்சுப் போய்ட்டு வந்திருப்பேனேய்யா. நான் பாக்கணும்னது தோப்பத்தானே.”

இர்ஃபான் வர ஒன்றேகால் மணி நேரம் ஆனது. அதற்குள் பெரியவருக்குத் தலை சுற்றி, வாந்தியும் வந்துவிட்டது. இர்ஃபான் என் முகத்தைப் பார்க்காமல் அவரைத் தாங்கி ஏற்றி, நேராக ஆம்பூர் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினார். பி.பி. ஏறியிருக்கிறது, அன்று எங்கேயும் அலையக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுநாள் மாலை அவரைச் சென்னைக்கு அழைத்துப் போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. மாங்காய்ப் பறிப்பு முடிகிற சமயம், ஜூன் கடைசியில், காலமானார்.

பழைய வண்டியை எடுப்பவர்களுக்கு நான் சொல்வது இரண்டு. முதலில் பானெட்டைத் திறக்காதீர்கள்; சுத்தியலோடு தரையில் படுங்கள். கண்ட பழுதை, அது யாரால் வந்த பழுதாக இருந்தாலும், வண்டிக்குச் சொந்தக்காரரிடம் அன்று சாயங்காலத்துக்குள் சொல்லிவிடுங்கள். எஞ்சினுக்கு ஒன்பது நாள் ஊறல் நல்லது. கண்ட பழுதுக்கு ஒரு நாள் ஊறல்கூட ஆகாது.

காருக்கு ஆன முழுச் செலவையும் இர்ஃபானிடம் திருப்பிக் கொடுத்தேன். “வேணாம் சார், அப்பா இருந்தா வாங்க வுடமாட்டார்,” என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார். மூன்றாம் முறை வாங்கிக்கொண்டார். ஆம்பூரிலிருந்து தோப்புக்கு டாக்ஸி, போக வர, அன்றைய வாடகை ஆயிரத்து எண்ணூறு ரூபாய். எனக்கு ஆனது ஒரு லட்சத்து எழுபத்து மூவாயிரத்து இருநூற்று அறுபது.