எட்டு பாட்டில் நன்னாரியோடு பாண்டிக்கு

போன மாதம் திண்டிவனத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். புதுச்சேரியில் இளம் தொழில்முனைவோருக்கு ஒரு நாள் கூட்டமாம். பெயர் கொடுத்துவிட்டாராம், கூட வர ஆளில்லையாம். தனியாகப் போகலாமா, எங்கே இறங்க வேண்டும், மதியம் எங்கே சாப்பிடுவது என்று கேட்டிருந்தார். இறங்கும் இடத்தையும் சாப்பாட்டையும் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். அவர் உண்மையில் கேட்பது முதல் கேள்வியை மட்டும்தான். அதே கேள்வியோடு நானும் ஒரு காலத்தில் பஸ் ஏறியவள் என்பதால், இந்த முறை புதுப் பயணம் எதுவும் இல்லை. பழையது ஒன்றைச் சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி, சித்திரை மாதம். விழுப்புரம் அப்போது தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. எனக்கு இருபத்திரண்டு வயது. வீட்டுப் பின்கட்டில் நன்னாரி வேரை ஊறவைத்துக் காய்ச்சி, சர்க்கரைப் பாகு சேர்த்து சர்பத் போடுவேன். காய்ச்சுவது நான், கடைகளில் பேசுவது அண்ணன். எங்கள் தொழில் அவ்வளவுதான். நாலைந்து கடைக்காரர்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள், பிறகு ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள். அண்ணனுக்கு அலுத்துவிட்டது. "இந்தக் கோடை வரைக்கும் பாப்போம். அப்புறம் அடுப்ப அணைச்சிட்டு டைப்ரைட்டிங் சேந்துக்க" என்று சொல்லிவிட்டார்.

அந்த நேரத்தில்தான் பேப்பரில் ஒரு அறிவிப்பு வந்தது. பாண்டிச்சேரியில் இளைஞர் சுயதொழில் முகாம். தயாரிப்பைக் கொண்டுவந்து மேடையில் மூன்று நிமிஷம் பேச வேண்டும். தேர்வாகிறவர்களுக்குக் கோடைப் பொருட்காட்சியில் இலவசமாக ஒரு கடை. அண்ணனும் நானும் போவதாக இருந்தது. முந்தின நாள் அண்ணனுக்கு மெட்ராஸ் ஐ வந்துவிட்டது. கண் இரண்டும் மிளகாய்ப் பழம். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவன் அடிப்பான் என்று அம்மா சொன்னார். நான் தனியாகப் போகிறேன் என்றதற்கு வீட்டில் யாரும் சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

காலை ஆறரை பஸ். டிக்கெட் மூன்று ரூபாய் சில்லறை. தூரம் நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, வழியில் நின்று நின்று போனால் ஒன்றரை மணி நேரம். மடியில் ஒயர் கூடை, அதில் வைக்கோல் பரப்பி எட்டு பாட்டில். இந்த வழியில் முதல்முறை போகிறவர்கள் ஜன்னலோரம் உட்காருங்கள். வளவனூர் வரை தமிழ்நாடு. மதகடிப்பட்டு வந்தால் பாண்டி. கண்டமங்கலம் வந்தால் மறுபடி தமிழ்நாடு. அரியூரில் திரும்பவும் பாண்டி. வெள்ளைக்காரர்கள் இரண்டு பேர் பங்கு பிரித்த லட்சணம் அது. நெல்வயலுக்கு மட்டும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

பாண்டியில் இறங்கி சைக்கிள் ரிக்‌ஷா பிடித்தேன். ஓட்டியவர் கூடையை எட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எதுவும் சொல்லாமல் மிதித்தார். நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். அவர் என்ன நினைத்துக்கொண்டார் என்பது மதியம்தான் தெரிந்தது. கூட்டம் நடந்த மண்டபம் பெரிய வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், தமிழர் வீதிகளில் ஒன்றில் இருந்தது. முனையில் சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர் நின்றார். எங்கள் ஊர்ப் போலீசைப் பார்த்தால் வரும் பயம் அந்தத் தொப்பியைப் பார்த்தால் வரவில்லை.

வாசலில் பெயர் எழுதிக்கொண்டிருந்த அம்மாள், முகாமை நடத்துகிறவர்களில் ஒருவர். நாற்பது வயதிருக்கும், வெளுத்த காட்டன் புடவை. கூடையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்ததும் அவர் கை நின்றது.

"இது என்னம்மா?"

"நன்னாரி சர்பத்துங்க."

"அது சரி. பாட்டில்?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. எங்கள் பாட்டில் எல்லாம் பழைய பாட்டில் கடையில் வாங்கிய பிராந்தி பாட்டில். விலை மலிவு, கண்ணாடி கனம், மூடி இறுக்கமாக நிற்கும். லேபிளை ஊறவைத்து உரித்து, வெந்நீரில் கழுவி, நிரப்பி, மூடியின் மேல் மெழுகு ஊற்றிவிடுவோம். விழுப்புரத்தில் யாரும் ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் பாண்டிச்சேரியில், அதுவும் நன்னாரியின் அந்தச் செம்பழுப்பு நிறத்தில், அதைப் பார்த்தால் யாருக்கும் வேறொன்றும் தோன்றாது.

"இதோட மேடையில ஏறாதம்மா. உன் முறை மூணரைக்கு மேலதான். மதியத்துக்குள்ள போயி நாலு நல்ல பாட்டிலா வாங்கி மாத்திக்க" என்றார் அந்த அம்மாள். கோபமில்லை, அக்கறையாகத்தான் சொன்னார்.

காலைக் கூட்டத்தில் பேச்சு, பேச்சு, மேலும் பேச்சு. என் பக்கத்து நாற்காலியில், பாண்டியிலேயே சாரம் என்ற பகுதியைச் சேர்ந்த ஒரு பையன். அப்பா மில்லில் வேலை பார்த்தவராம். இவன் சைக்கிள் சீட்டுக்கு ரெக்சின் உறை தைக்கிறான், மாதிரிக்கு ஆறு நிறத்தில் கொண்டுவந்திருந்தான். வாய் ஓயாது. எனக்கு அவன் மேல் பொறாமையாக இருந்தது.

ஒரு மணிக்குச் சாப்பாட்டு மணி அடித்தது. எல்லோரும் பந்திக்குப் போக, நான் பாட்டில் வாங்கக் கிளம்பினேன். இங்கேதான் வெளியூர்க்காரி செய்யும் தப்பைச் செய்தேன். நேரு வீதியில் திரும்பினால் வரிசையாகக் கதவு சாத்தியிருந்தது. துணிக்கடை, பாத்திரக்கடை, மருந்துக்கடை எல்லாம் பூட்டு. யாரோ பெரிய மனிதர் செத்துவிட்டார் போலிருக்கிறது, கடையடைப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். பெரிய மார்க்கெட் வரை நடந்தேன். பூக்காரர்கள் ஈரச் சாக்கை மூடிவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் மூட்டை மேலேயே படுத்திருந்தார்கள். பாட்டில் கடை இருந்தது, அதன் மேல் ஒரு கோணி தொங்கியது.

திரும்பி வந்தபோது மண்டபத்து வேப்பமரத்தடியில் காலையில் வந்த அதே ரிக்‌ஷாக்காரர், தன் வண்டியிலேயே சாய்ந்து, கால்களைச் சீட்டின் மேல் போட்டுக்கொண்டிருந்தார்.

"யாருண்ணே செத்தது? கடையெல்லாம் மூடிக் கெடக்குது" என்று கேட்டேன்.

"யாரும் சாவலமா. ஒரு மணி அடிச்சா ஊரே படுத்துரும். பிரான்சுகாரன் காலத்துலருந்து அப்டிதான். நாலு மணிக்கு எழுந்து வந்து தொறப்பாங்க. இன்னா வேணும் ஒனக்கு?"

"காலி பாட்டில்."

அவர் எழுந்து உட்கார்ந்தார். "ஏன், காலைல கொண்டாந்தது அதுக்குள்ள தீந்துடுச்சா?"

நன்னாரி சர்பத் என்று விளக்கிச் சொன்னேன். அவர் நம்பியது போலத் தலையாட்டினார். நம்பவில்லை என்பது நன்றாகத் தெரிந்தது.

உள்ளே பந்தி முடிந்துவிட்டிருந்தது. பசி. வேறு வழியில்லாமல் ஒரு பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டேன். சாரத்துப் பையன் பார்த்துவிட்டுக் குனிந்து, "பேப்பர் சுத்தினா இன்னும் மோசங்க. பிராந்திக் கடையில அப்படித்தான் குடுப்பாங்க" என்றான். பிரித்துவிட்டேன்.

மேடையில் ஏறினேன். பாட்டிலைப் பார்த்துக் கொஞ்சம் சிரிப்பு வந்தது, அடங்கியும் விட்டது. வேர் எங்கே கிடைக்கிறது, எவ்வளவு நேரம் ஊற வேண்டும், எப்படிக் காய்ச்ச வேண்டும் என்பதெல்லாம் நானே எதிர்பார்க்காத அளவுக்குச் சரியாகச் சொன்னேன். ஒரு பாட்டிலைத் திறந்து தேர்வுக் குழுவில் இருந்த மூன்று பேருக்கும் கலந்தும் கொடுத்தேன். ஓய்வு பெற்ற வங்கி மேனேஜர் ஒருவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். டம்ளரைக் காலி செய்துவிட்டு வைத்தார். அதைப் பார்த்ததும் கடை கிடைத்துவிட்டது என்றே எனக்குத் தோன்றியது.

"நல்லா இருக்கும்மா. சரி, ஒருத்தர் மொத்தமா மாசம் ரெண்டு டஜன் எடுத்தா என்ன விலை போடுவீங்க?"

எனக்குத் தெரியாத கணக்கல்ல. சர்க்கரை, எலுமிச்சை, விறகு, மெழுகு எல்லாம் நான்தான் வாங்குகிறேன். ஆனால் வாயில் வந்தது வேறு.

"அண்ணனக் கேட்டுச் சொல்றேன் சார்."

"அண்ணன் வந்திருக்காரா?"

"இல்ல சார். அவருக்கு மெட்ராஸ் ஐ."

மண்டபமே சிரித்தது. மேனேஜர் சிரிக்கவில்லை, என்னவோ குறித்துக்கொண்டார். அந்தக் குறிப்புக்கு அர்த்தம் என்னவென்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஐந்தரைக்கு வாசித்த பெயர்களில் என் பெயர் இல்லை. சாரத்துப் பையன் பெயர் இருந்தது. அவன் வெளியே வந்து என் கூடையைப் பஸ் ஸ்டாண்டு வரை தூக்கிவந்தான்.

"வெலையக் கேட்டா வெலையச் சொல்லுங்க. அவர் என்ன பொண்ணு பாக்கவா வந்தாரு, அண்ணனைக் கேக்கணும்னு?" என்றான். எனக்கு அழுகை வந்தது. அவனைப் பிடித்தும் இருந்தது.

ஆறே கால் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மதகடிப்பட்டு தாண்டியதும் சோதனைச் சாவடி. பாண்டியில் சரக்கு மலிவு என்பதால் அந்தப் பக்கத்திலிருந்து வரும் எல்லா வண்டியையும் நிறுத்திப் பார்ப்பார்கள். காலையில் போகும்போது யாரும் நிறுத்தவில்லை, திரும்பும்போது நிறுத்துவார்கள் என்பது என் மண்டையில் ஏறவேயில்லை. காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் என் மடியைப் பார்த்து நின்றார்.

"ஏழு பாட்டிலா? எறங்கும்மா. கூட யாரு வந்தது?"

"யாரும் வரல."

"வீட்டு ஆம்பள யாரு? அவங்களக் கூப்புடு."

எனக்குக் கோபம் வந்தது. காலையிலிருந்து சேர்ந்த பசி, அந்தச் சிரிப்பு, பூட்டிய கடைகள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பி வந்தன. உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை.

"சரக்கு என்னுது சார். காய்ச்சினது நான். என்னக் கேளுங்க."

"மூடியத் தொற."

"தொறக்கறேன். நன்னாரி சர்பத்து. ஆனா மெழுக ஒடைச்சா அப்புறம் விக்க முடியாது. சர்பத்தா இருந்தா அந்த பாட்டில நீங்க வாங்கிக்கணும். பன்னண்டு ரூபா."

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு, எழுபது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்வாங்கவும் முடியாமல், ஒரு பாட்டிலை எடுத்துத் திருகினார். நன்னாரி வாசனை இரண்டு சீட் தள்ளிப் போயிருக்கும். முகர்ந்தார். விரலில் தொட்டு நக்கினார்.

"நம்ம வீட்டுல போடற மாதிரியே இருக்குதே" என்று பின்னால் ஒரு பெண் சொன்னாள். யாரோ சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு என்னைப் பார்த்து இல்லை. காக்கிச் சட்டைக்காரர் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கிப் போனார். வளவனூர் வருவதற்குள் இன்னும் மூன்று பாட்டில் போயிற்று.

விழுப்புரம் நெருங்கும்போது கண்டக்டர் பையைத் தட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

"என் மச்சான் நம்ம பஸ் ஸ்டாண்டுல சோடாக் கடை வெச்சிருக்கான். மாசம் ரெண்டு டஜன் எடுத்தா இன்னா வெலைக்குப் போடுவ?"

அதே கேள்வி. அண்ணன் என்ற வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. முழுங்கினேன்.

"பத்து ரூபா. காலி பாட்டிலத் திருப்பித் தரணும்."

"சரி, திங்கக்கிழம எடுத்துட்டு வா" என்றார் கண்டக்டர். அவ்வளவு சுலபமா என்று எனக்கு நம்பவே முடியவில்லை.

இனி, கேட்டவருக்கு. பாண்டியில் இன்றும் பல கடைகள் ஒரு மணிக்குச் சாத்திவிட்டு நாலு மணி வாக்கில்தான் திறக்கின்றன. வாங்க வேண்டியதைப் பன்னிரண்டுக்குள் வாங்கிவிடுங்கள். பந்தியை விட்டுவிட்டு எங்கும் போகாதீர்கள். பசித்த வயிற்றோடு மேடை ஏறினால் தெரிந்த விலையும் வாயில் வராது. மாதிரிப் பொருள் எந்தப் பாட்டிலில் இருக்கிறது என்பதை வீட்டிலேயே நாலு பேரிடம் காட்டிவிடுங்கள், அதில் ஒருவராவது பாண்டிக்காரராக இருக்கட்டும். கடைசிப் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் அதற்கு முந்தின பஸ்ஸைப் பிடியுங்கள். தனியாகப் போகலாமா என்றால், போகலாம். மொத்த விலையை மட்டும் பஸ் ஏறும் முன்பே முடிவு செய்துகொண்டு போங்கள், யார் கேட்டாலும் தயங்காமல் சொல்வதற்கு.

வீட்டுக்குப் போனபோது அண்ணன் கண்ணில் ஈரத்துணி வைத்துக்கொண்டு படுத்திருந்தார். கடை கிடைக்கவில்லை என்றேன். சோடாக் கடைக்கு மாசம் ரெண்டு டஜன், பத்து ரூபாய்க்குப் பேசியிருக்கிறேன் என்றேன். துணியை எடுத்துவிட்டு அந்தச் சிவந்த கண்களால் பார்த்தார்.

"பத்தரை சொல்லியிருக்கலாமே. நாளைக்கு நான் போயி பேசறேன்."

"வேணாண்ணா" என்றேன். "சொல்லிட்டேன். அதான் வெல."