ஏழாம் கட்டிலுக்குப் போடாத ஊசி

பதினெட்டு வருஷமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். எத்தனையோ பேருக்குக் கண்ணை மூடிவிட்டிருக்கிறேன், தாடையைச் சேர்த்துத் துணி கட்டியிருக்கிறேன், அடுத்த அறையில் உட்கார்ந்து டிபனும் சாப்பிட்டிருக்கிறேன். ஒருத்தர்கூடத் திரும்பி வந்து என்னிடம் எதுவும் கேட்டதில்லை. அதனால் ஆவி, நிழல், குரல் என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். இதைச் சொல்லும்போது உங்கள் உதட்டோரத்திலும் அதே சிரிப்பு வரும், எனக்குத் தெரியும். வந்தால் வரட்டும். நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நான் வேலை செய்வது பாரிவாக்கத்தில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில். எழுந்து நடக்க முடியாதவர்கள், மூக்குக் குழாய் வழியாகச் சாப்பிடுகிறவர்கள், பக்கவாதம் வந்து படுத்தவர்கள், இப்படிப்பட்டவர்கள்தான் இங்கே இருப்பார்கள். கீழே ஆண்கள், மாடியில் பெண்கள். எனக்குக் கீழ்த்தளம்தான். அம்பத்தூரிலிருந்து பஸ் மாறி வந்து, சாயங்காலம் வரை அங்கேயே.

போன மழைக்காலத்தில் மாடியில் ஒரு அம்மாவுக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. இரண்டே நாளில் ஐந்து பேருக்குப் பரவிவிட்டது. இந்த மாதிரி இடத்தில் அது ஜுரம் மாதிரி சும்மா வந்துவிட்டுப் போகாது, எண்பது வயது உடம்பில் ஒரு நாள் தண்ணீர் வற்றினால் போதும், ஆளையே கொண்டுபோய்விடும். அதனால் வயிற்றுப்போக்கு உள்ள ஐந்து பேரையும் கடைசி அறைக்கு மாற்றினோம், அங்கே நன்றாக இருந்தவர்களை முன்பக்கம் கொண்டுவந்தோம். கதவருகே பிளீச்சிங் தண்ணீர், கையுறை, ஆளுக்கொரு பெட்பேன். கைக்கு ஜெல் தடவினால் இந்தக் கிருமிக்குப் போதாது, சோப்புப் போட்டுத்தான் கழுவ வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டினோம். எல்லாம் சரியாகத்தான் செய்தோம்.

ஒன்றைத் தவிர. மாத்திரைத் தட்டில் கட்டில் எண்தான் எழுதியிருந்தது, ஆள் பெயர் இல்லை. ஆட்கள் கட்டில் மாறினார்கள், தட்டு மாறவில்லை.

ஏழாம் கட்டிலில் இருந்தவர் கனகவல்லி அம்மா, சர்க்கரை நோயாளி. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் அவருக்கு இன்சுலின் போட வேண்டும். அன்று காலை அவரை முன்பக்கம் இரண்டாம் கட்டிலுக்கு மாற்றிவிட்டு, இரண்டில் இருந்த ராஜேஸ்வரி அம்மாவை ஏழுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். ராஜேஸ்வரி அம்மாவுக்குச் சர்க்கரையே கிடையாது. இதெல்லாம் எனக்கு அப்புறம் தெரிந்தது. மாடி நர்ஸ்கள் இரண்டு பேருக்கும் அதே வயிற்றுப்போக்கு வந்து லீவு போட்டுவிட்டதால், பத்து மணிக்குத்தான் என்னை மேலே அனுப்பினார்கள். அங்கே எனக்கு முகம் தெரிந்தவர் ஒரே ஒருத்தர், எட்டாம் கட்டில் அம்சவேணி அம்மா. அவருக்கும் வயிற்றுப்போக்கு, ஆனால் முதலிலிருந்தே கடைசி அறையில் இருந்ததால் கட்டில் மாறவில்லை.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐயப்பன்தாங்கல் டிப்போ பக்கத்தில் இட்லிக் கடை வைத்திருந்தவர். பக்கவாதம் வந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. வலது பக்கம் அசையாது, பேச்சு சுத்தமாகப் போய்விட்டது. வலித்தால் ஒரு முனகல், அவ்வளவுதான். அவர் இங்கே வந்த முதல் நாள் கீழே அவரைப் படிவம் எழுதிச் சேர்த்தது நான்தான்.

மணி பன்னிரண்டரை. பட்டப்பகல். ஜன்னல் வழியாக மழை விட்ட வெயில் அடிக்கிறது, கீழே சமையலறையில் குக்கர் விசில் கேட்கிறது. பேய்க்கதை சொல்கிறவன் இந்த நேரத்தை எடுக்கவே மாட்டான். கதவருகே பர்வீன் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். பூந்தமல்லிக்காரி, எங்கள் இல்லத்தில் உதவியாளர், நாலு பேர் வேலையைத் தனியாகச் செய்கிறவள்.

ஏழாம் நம்பர் ஊசியை எடுத்துக்கொண்டு போனேன். அந்த அம்மா சுவர் பக்கம் திரும்பிச் சுருண்டு படுத்திருந்தார். பெயர் கேட்டு உறுதி செய்ய வேண்டும் என்பது விதி. நானும் கேட்டேன்.

"கனகவல்லி அம்மாதானே?"

"ம்" என்றார்.

இப்போது நினைத்தால் என்னையே அறையலாம் போலிருக்கிறது. வயிறு காலியாகிக் கிறங்கிக் கிடக்கிறவரிடம் எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் "ம்" என்றுதான் வரும். "உங்க பேரு என்னம்மா" என்று கேட்டிருக்க வேண்டும். சீட்டில் காலையிலேயே யாரோ ஏழு என்ற எண்ணுக்கு நேராகச் சர்க்கரை அளவு எழுதியிருந்தார்கள், அளவு அதிகம். கட்டில் மாற்றுவதற்கு முன்னால் எடுத்தது அது. நான் அதையும் நம்பினேன். பன்னிரண்டு யூனிட். ரவிக்கைக் கையை மேலே தள்ளிவிட்டேன், பஞ்சால் துடைத்தேன், ஊசி முனை தோலுக்கு ஒரு விரற்கடை தள்ளி இருக்கிறது.

"ஏம்மா, அது அவளுக்கு இல்லம்மா. அவ ஒண்ணியும் துன்னல."

அப்படியே நின்றுவிட்டேன். கிழவிக் குரல், கொஞ்சம் கரகரப்பு, கோபம் இல்லை, கடையில் பார்சலை மாற்றி எடுத்துப் போகிறவனைக் கூப்பிட்டுச் சொல்வது மாதிரி ஒரு சாதாரணத்தன்மை. நேராக எட்டாம் கட்டில் பக்கமிருந்து வந்தது. திரும்பிப் பார்த்தேன். அம்சவேணி அம்மா மல்லாக்கப் படுத்து மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் ஒரு பக்கம் கோணி, எப்போதும் போல.

ஊசிக்கு மூடி போட்டேன். ஏழாம் கட்டில் அம்மாவை மெல்லத் திருப்பி, "அம்மா, உங்க பேரு என்ன?" என்றேன்.

"ராஜேஸ்வரி" என்றார், உதடு ஒட்டி ஒட்டி.

"காலைல என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் வேணாம்னுட்டேன். நேத்திலேர்ந்து எதுவும் தங்கல."

விரலில் குத்தி அங்கேயே சர்க்கரை பார்த்தேன். ஏற்கெனவே கீழே இறங்கிக் கிடந்தது. அந்த உடம்பில் பன்னிரண்டு யூனிட் போயிருந்தால், தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டு நான் அடுத்த கட்டிலுக்குப் போயிருப்பேன். சாயங்காலம் எழுப்பும்போது அவர் எழுந்திருக்க மாட்டார். வயிற்றுப்போக்கில் போய்விட்டார் என்று எல்லோரும் சொல்லியிருப்பார்கள், நானும் அதையே நம்பியிருப்பேன்.

குளுக்கோஸ் கரைத்து ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தேன். கொஞ்சம் தெளிந்ததும், பர்வீனிடம் போனேன்.

"பர்வீன், அம்சவேணி அம்மா பேசினது உனக்குக் கேட்டுச்சா?"

அவள் துடைப்பதை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"இன்னா சிஸ்டர் சொல்றீங்க? அவங்க எங்க பேசுனாங்க? நீங்கதான பேசுனீங்க. 'அவ ஒண்ணியும் துன்னல'ன்னு. சிஸ்டர் நம்ம ஊட்டு பாஷை பேசறாங்களேன்னு நான் சிரிச்சுகினே தொடச்சினு இருந்தேன்."

நான் கள்ளக்குறிச்சிப் பக்கத்தவள். மெட்ராஸ் வந்து இத்தனை வருஷத்தில் "துன்னல" என்று ஒரு தடவைகூட என் வாயில் வந்ததில்லை. என் உதடு அசையவில்லை என்பது எனக்குத் தெரியும், மாஸ்க்குக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருந்தேன். "என் குரலா கேட்டுச்சு?" என்றேன். "அல்லா சத்தியமா உங்க கொரல்தான்" என்றாள்.

அன்று சாயங்காலமே நடந்ததை நானே எழுதி மேனேஜரிடம் கொடுத்தேன். குரலை மட்டும் எழுதவில்லை. வேலை போகும் என்று நினைத்தேன். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, "ஊசி போடல இல்ல? நல்லவேளை. நீ எழுதிக் குடுக்கலேன்னா நாளைக்கு வேற யாரோ போட்டிருப்பாங்கம்மா" என்றார். மறுநாளே தட்டுகளில் எண்ணை அழித்துவிட்டுப் பெயரும் போட்டோவும் ஒட்டினோம். யார் எந்தக் கட்டிலுக்குப் போனாலும் அவர்கள் மருந்துப் பெட்டியும் கூடவே போகும். பெயரை நாம் சொல்லக் கூடாது, அவர்கள் சொல்ல வேண்டும். சொல்ல முடியாதவர்களுக்கு இரண்டு பேராகப் பார்க்க வேண்டும்.

வாரம் ஒரு முறை வருகிற டாக்டரிடம் மட்டும் குரலைப் பற்றிச் சொன்னேன். "அவங்க மூளையில பேச்சு வர்ற இடமே போயிடுச்சும்மா, வார்த்தையா வர வாய்ப்பில்ல. உன் உள்மனசு எதையோ கவனிச்சிருக்கும், அது குரலா கேட்டிருக்கு" என்றார். இருக்கலாம். ஆனால் அந்த அம்மா சாப்பிடவில்லை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நான் போவதற்குள் கஞ்சிக் கிண்ணத்தையும் எடுத்துவிட்டார்கள். தெரியாத ஒன்றை உள்மனசு எங்கிருந்து கவனிக்கும்?

ஐந்து பேரும் பிழைத்தார்கள். அதற்காக மழை, வெயில், பர்வீன், பிளீச்சிங் பவுடர் எல்லாவற்றுக்கும் மனசுக்குள் நன்றி சொன்னேன். மேலே போகிற நாளெல்லாம் அம்சவேணி அம்மாவின் தலையை வாரிவிட்டு, "ரொம்ப நன்றிம்மா" என்பேன். அவர் ஃபேனைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

மூன்று வாரம் கழித்து ராஜேஸ்வரி அம்மாவை முகப்பேரில் இருக்கிற மகள் அழைத்துப்போக வந்தாள். அந்த அம்மா நன்றாகத் தேறி, பூ வைத்துக்கொண்டு சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சிஸ்டர், அன்னிக்கு உங்க மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்களே, அவங்ககிட்டயும் சொல்லிட்டுப் போகணும். எங்க இருக்காங்க?"

"யாரும்மா? பர்வீனா?"

"இல்ல, அந்தப் பொண்ணு வாசல்ல இருந்துச்சு. பஞ்சு பட்டதும் தலையைத் திருப்பிப் பார்த்தேன், இவங்க வயசானவங்க. உங்க கையைக் கெட்டியா பிடிச்சிருந்தாங்க. அப்பதான் கழுவிட்டு வந்தாங்க போல, தண்ணி சொட்டிச்சு. என் மேலகூட விழுந்துச்சு."

"நான் சொல்லிடறேன்மா" என்றேன்.

வண்டி கிளம்பிப் போன பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. அன்று குளுக்கோஸ் கொடுத்து முடித்ததும் அவர் போர்வையை மாற்றியது நான்தான். நெஞ்சுப் பக்கம் நனைந்திருந்தது. வாந்தியாக இருக்கும் என்று மாஸ்க்கை விலக்கி மோந்து பார்த்துவிட்டுத்தான் அழுக்குப் பையில் போட்டேன். அதில் வாந்தி வாடை இல்லை. சோப்பு வாசனை அடித்தது.