கோயில் மரத்தின் வளைபரப்பு

பத்தாம் வகுப்பில் உருளையின் வளைபரப்பை நடத்தும்போதெல்லாம், "இது எதுக்கு டீச்சர்?" என்று ஏதாவது ஒரு குரல் கேட்கும். "மார்க்குக்கு" என்று வாயை அடைத்துவிடுவேன். எனக்கே வேறு பதில் தெரியாதபோது என்ன செய்வது?

நான் வேலை பார்க்கும் மலைக்கிராமமான மஞ்சக்குட்டையில் என் பக்கத்து வீட்டு அண்ணன் எஸ்டேட்டில் மிளகு பறிக்கிறவர். போன பருவத்தில் மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்திலிருந்து ஏணியோடு சரிந்து காலை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டைப் பிரித்த டாக்டர், எலும்பு கூடிவிட்டது, தடியைப் போட்டுவிட்டு நடங்கள் என்றார். அண்ணன் தடியை விடவில்லை. விட்டால் விழுந்துவிடுவோம் என்று பயம். தடியோடு ஏணி ஏற முடியுமா? வேலைக்குப் போகாமல் வாசலிலேயே கிடந்தார். ஊரையே சிரிக்க வைக்கிற மனிதர் அப்படிச் சுருங்கிப்போனது எனக்குப் பொறுக்கவில்லை.

அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், ஒருநாள் என்னிடம் வந்தார்.

"எலும்பு கூடுனா கோயில் மரத்துக்கு வேர்ல இருந்து கவை வரைக்கும் மஞ்சத்துணி உடுத்தறேன்னு நேந்துக்கிட்டனுங்க டீச்சர். அத இன்னும் செய்யல. அதனாலதானுங்க அவரு நடக்க மாட்டேங்கறாரு. எவ்வளவு துணி வேணும்னு கணக்குப் போட்டுக் குடுங்க."

நிற்கிற மரத்துக்கு ஆரம் யார் அளப்பது? தேவையும் இல்லை. மரத்தைச் சுற்றிக் கயிறு பிடித்தால் அதுவே சுற்றளவு. உயரத்தால் பெருக்கினால் வளைபரப்பு. சுற்றளவு எட்டடி, கிளை பிரியும் கவை வரை ஆறடி, ஆக நாற்பத்தெட்டு சதுர அடி. கடையில் கிடைத்த துணி இரண்டடி அகலம். இருபத்து நான்கு அடி போதும் என்றாலும், முடிச்சுக்கு இருக்கட்டும் என்று முப்பதடி வாங்கச் சொன்னேன். மூன்று துண்டாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிவிடலாம் என்பது என் எண்ணம்.

கோயிலில் நான் கத்தரிக்கோலை எடுத்ததும் பூசாரி பதறிப்போனார். "நேந்த துணியில கத்திரியும் படக்கூடாது, ஊசியும் படக்கூடாதுங்க! ஒரே துணியா உடுத்தோணும்."

சேலத்துக்காரி எனக்கு அது தெரியாது. தெரியாதவர்களும் உலகத்தில் உண்டு என்பது அக்காவுக்குத் தெரியாது.

அக்கா வெட்டாமலே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். இரண்டடி உயரம்தான் மறைந்தது. "என்னங்க டீச்சர், சாமிக்குக் கோவணமா கட்டறது?" என்றார் பூசாரி. யாருக்கும் சிரிப்பு வரவில்லை. "சாமி ஏத்துக்கல போலிருக்குங்க" என்று அக்கா கண்ணைத் துடைத்தார். அண்ணன் தடியை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போதுதான் அண்ணனின் கால் கண்ணில் பட்டது. கணுக்காலில் இருந்து முழங்கால் வரை, சாய்வாக ஏறிப்போகும் கட்டுத்துணி. அக்கா தினமும் காலையில் சுற்றிவிடுவது.

"அக்கா, அண்ணன் காலுக்குச் சுத்தற மாதிரியே சுத்துங்க!"

வேரடியில் முதல் சுற்றை அக்கா இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டார். மீதித் துணிச் சுருளை வாங்க நான் கை நீட்டினேன். நேர்ந்த குடும்பம்தான் தொடவேண்டும் என்று பூசாரி தடுத்துவிட்டார். அண்ணன் எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார்.

"இங்க குடு, புள்ள" என்றார் அக்காவிடம்.

தடியை மரத்தில் சாய்த்தார். ஒரு கையில் சுருள், மறு கை மரப்பட்டையில். காலைத் தேய்த்துத் தேய்த்து ஒரு சுற்று வந்தார். அடுத்த சுற்றில் துணியை இழுத்துப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. "லூசா உடாத புள்ள" என்று அதட்டிக்கொண்டே வேர்மேட்டில் ஏறி இறங்கிச் சுற்றினார்.

கவையில் முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் தடியைத் தேடினார். மஞ்சள் துணிக்கடியில், மரத்தோடு மரமாக நீளமாய் ஒரு புடைப்பு. பூசாரி மேலும் கீழும் பார்த்தார்.

"சாமிக்கு உடுத்துனத அவுக்கக்கூடாதுங்க."

அண்ணன் அந்தப் புடைப்பைத் தடவிப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். எத்தனை மாதத்துக்குப் பிறகு! என் கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது. கணக்கில் தடியை நான் சேர்க்கவே இல்லை. நல்லவேளை, துணி கூடுதலாக இருந்தது.

நாங்கள் வந்த ஜீப் நிற்கும் இடம் வரை அண்ணன் முன்னால் நடந்தார். அக்கா பின்னாலேயே, இரண்டு கையையும் நீட்டியபடி, அவரைத் தொடாமல் போனார்.